மாலை போட்ட முகம்

அத்தியாயம் பதினேழு

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிய வெண்பாவைப் போன வாரம் பாதி வழியில் விட்டிருந்தோம். அவள் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது பொழுது விடிந்துவிட்டது. வழி நெடுக அவள் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அப்பாவின் போட்டோவும், அதன் மேல் விழுந்த சந்தன மாலையும் வந்து நின்றன.

வெண்பாவின் தொழில் சினிமாவுக்கு டைட்டில் செய்வது. படம் தொடங்கியதும் வரிசையாகப் பெயர்கள் வருமே, நாமெல்லாம் முறுக்குப் பொட்டலத்தோடு இருட்டில் சீட்டுத் தேடிக்கொண்டிருப்போமே, அந்தக் கொஞ்ச நேரத்துக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெயரை இரண்டு தடவை படிக்கிற அளவுக்காவது திரையில் நிறுத்த வேண்டும். ஹீரோ பெயரைவிட வில்லன் பெயர் ஒரு நூல் பெரிதாகத் தெரிந்தால் சண்டைக்கு வருவார்கள். கதையைச் சொல்லிவிடவும் கூடாது, எந்த மாதிரி வீட்டுக்குள் நுழையப்போகிறோம் என்று சொல்லாமல் இருக்கவும் கூடாது.

இந்தப் படம் ஒரு பீங்கான் தொழிற்சாலைக் குடும்பத்தின் கதை. சொந்த ஊர்ச் சரக்கு என்பதால் வெண்பா கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு ஊருக்கே வந்தாள். அண்ணன் விருத்தகிரி வேலை பார்க்கும் பீங்கான் யூனிட்டில் ஒவ்வொரு பெயரையும் அச்சில் வார்க்கச் செய்தாள். ஈரத்தில் சாம்பல் நிறமாக இருக்கும் எழுத்து சூளைக்குள் போகிறது. சிவக்கிறது. வெள்ளையாக வெளியே வருகிறது. கடைசியாக டைரக்டர் பெயர் வரும்போது மட்டும் பளபளப்பில் மெல்ல ஒரு விரிசல் விழுகிறது. அந்த விரிசல் எழுத்தைத் தாண்டிச் சுவரில் ஏறி, அங்கே மாட்டியிருக்கும் ஒரு போட்டோவின் பக்கத்தில் போய் நிற்கிறது. அது ஹீரோவின் அப்பா போட்டோ. படத்தில் அந்த அப்பா வரவே மாட்டார், யாராவது ஒரு முகம் இருந்தால் போதும் என்றார்கள்.

வெண்பா தன் அப்பா கோவிந்தராசுவின் முகத்தை வைத்தாள்.

எட்டு வருஷத்துக்கு முன்பு, யூனிட்டுக்குப் பீங்கானைப் பளபளப்பாக்கும் கிளேஸ் பவுடர் வாங்கி வருகிறேன் என்று சேலம் வண்டி ஏறிய கோவிந்தராசு திரும்பி வரவில்லை. போலீஸில் சொன்னார்கள். கரண்டு கம்பங்களில் போட்டோ ஒட்டினார்கள். மழை வந்து கிழித்துக்கொண்டு போனது. இப்போது லட்சக்கணக்கான பேர் பார்க்கிற திரையில் அப்பாவின் முகத்தை நிறுத்தினால், எங்கேயாவது யாராவது ஒருத்தர் 'இவரை எனக்குத் தெரியுமே' என்று சொல்ல மாட்டாரா? இதுதான் வெண்பாவின் எண்ணம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி நேரத்தில் டைரக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த அப்பா செத்துப்போனவர் என்று ஜனங்களுக்கு எப்படிப் புரியும்? வெண்பா அப்போது வேறு படத்து வேலையாக ஐதராபாத்தில் இருந்தாள். அவளுடைய ஆபீஸில் இருக்கும் வாசுகி, டைரக்டர் சொன்னபடி போட்டோவுக்கு ஒரு சந்தன மாலையைப் போட்டு, கீழே சின்னதாகச் சிவப்பு பல்பு ஒன்றை எரியவிட்டாள். டைட்டில் தொழிலில் இது தினப்படி நடக்கிற காரியம். யாருடைய போட்டோ என்று அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? நேற்று டைட்டிலை மட்டும் தனியாக யூடியூபில் விட்டார்கள். அதில்தான் வெண்பா பார்த்தாள்.

இன்றைக்குப் படம் ரிலீஸ். மகள் பெயரைத் திரையில் பார்க்க, பானுமதி தெருவையே திரட்டிக்கொண்டு மேட்டினி போகிறாள்.

*

விருத்தகிரி பைக்கோடு வந்து நின்றிருந்தான். தங்கை சொன்னதை டீ ஆறும்வரை கேட்டான்.

"அம்மா பாத்துடுச்சா?" என்றாள் வெண்பா.

"அதுகிட்ட ஏது யூடியூபு? பட்டன் போனுதான் இருக்குது."

"அப்ப எப்படியாச்சும் நிறுத்துண்ணா. தியேட்டருக்குப் போவக் கூடாது."

விருத்தகிரி டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"எதுக்கு நிறுத்தணும்?"

"என்னாண்ணா பேசற?"

"நெசத்தத்தான் பேசறேன். மங்களூர்லேர்ந்து துர்காவோட சித்தப்பா நேத்தும் போன் பண்ணாரு. கல்யாணப் பத்திரிகை இன்னிக்கு அச்சுக்குப் போவணும். அப்பா பேருக்கு முன்னாடி என்னா போடறது? திருன்னு போட்டா, ஆளு எங்கன்னு கேப்பாங்க. தெய்வத்திருன்னு போட்டா, அம்மா நெத்தியில பொட்டு எதுக்குன்னு கேப்பாங்க. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

"அதுக்காக?"

"எனக்கு முப்பத்திமூணு வயசு ஆவுது வெண்பா. ஏற்கெனவே வந்த எடமெல்லாம் இதாலதான் தட்டிப்போச்சி. இருக்காரா இல்லியான்னே தெரியாத ஆளுக்காக நாம எத்தினி நாளைக்கு வாசல்லயே நிக்கறது? எவன் போட்டானோ, மாலை வுழுந்துடுச்சி. அம்மா பாக்கட்டும். அழுவட்டும். அதோட முடியட்டும்."

வெண்பாவுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அவன் சொல்வதிலும் நியாயம் இருந்ததுதான் அவளை இன்னும் எரிச்சலாக்கியது. அவனுக்குப் பேசி முடித்திருந்த துர்காதேவியும் எவ்வளவு காலம் காத்திருப்பாள், பாவம்?

*

பானுமதி வீட்டிலேயே பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். வெள்ளிக்கிழமையானாலும் விடாத வேலையை இன்று ஓரங்கட்டி வைத்திருந்தாள். கூடத்தில் கண்ணில்லாத பொம்மைகள் வரிசையாக நின்றன. அவளோ பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி தயாராக இருந்தாள்.

"வந்துட்டியாடி? உம் பேரு மொதல்ல வருமா, கடைசில வருமா? கண்ண சிமிட்டுனா போயிடுமான்னு தங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்குது."

"அம்மா, படம் நல்லா இல்லியாம். ஒரே அடிதடி. உனக்குத் தலைவலி வந்துடும்."

"படத்த யாரு பாக்கப் போறா? உம் பேரப் பாத்துட்டுத் தூங்கிடுவேன்."

"ரெண்டு நாளு போவட்டுமே. கூட்டம் குறையட்டும்."

"காலைக் காட்சிக்கே போவலாம்னேன். தங்கம்மாதான் சோறாக்கி வச்சிட்டு வரேன்னுது. போடி, போயி மூஞ்சக் கழுவு."

பானுமதி கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று குங்குமத்தை எடுத்தாள். எட்டு வருஷத்தில் அந்தப் பொட்டு ஒரு நாளும் சிறுத்ததில்லை. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு அவளிடம் வரும்போது சில பெண்களின் கை தயங்கும். பானுமதி தானே கையை நீட்டி எடுத்து வைத்துக்கொள்வாள். ஊர் என்ன நினைத்தாலும், தன் புருஷன் இருக்கிறார் என்பது அவள் கட்சி.

அந்தப் பொட்டைப் பார்த்ததும் வெண்பாவுக்குத் தாங்கவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அம்மா, அந்த டைட்டில்ல அப்பா போட்டோ வருதும்மா."

பானுமதியின் விரல் நெற்றியிலேயே நின்றது.

"யாரு போட்டோ?"

"அப்பாவோடது. ஆயுத பூஜையில யூனிட்டுல எடுத்தாங்களே, சட்டைப் பையில பேனா வச்சிக்கிட்டு, அது. யாராச்சும் பாத்துட்டுச் சொல்ல மாட்டாங்களான்னுதான் வச்சேன். ஆனா..."

"அடிப்பாவி! இத ஏன் முன்னாடியே சொல்லல?"

பானுமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் செய்தாள்.

"பெருசாத் தெரியுமா?"

"தெரியும்மா."

"மெட்ராஸ்லயும் இந்தப் படம் ஓடுதா?"

"ஓடுது."

"சேலத்துல?"

"சேலத்துலயும் ஓடுதும்மா."

"அப்ப அவரே பாப்பாருடி," என்றாள் பானுமதி. எழுந்து பீரோவிலிருந்து இன்னொரு முழம் கனகாம்பரத்தை எடுக்கப் போனவள், பூவை பீரோவில் யார் வைப்பார்கள் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அந்த முகத்தைப் பார்த்து மாலையைப் பற்றிச் சொல்ல வெண்பாவுக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இந்த இடத்தில் அவளுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கினாளே, அதைவிட வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம்.

*

தியேட்டரில் தெருப் பெண்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்தார்கள். நடுவில் பானுமதி. அவளுக்கு இந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் தங்கம்மாள், அந்தப் பக்கம் வெண்பா. விருத்தகிரி பின்னால் நின்றுகொண்டான், உட்காரவில்லை.

விளக்கு அணைந்தது. இருட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம். சாம்பல் நிற எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்தன. சூளையின் கதவு மூடியது. தீ எழுந்தபோது தங்கம்மாள், "நம்ம யூனிட்டுடி இது!" என்று கத்தினாள். வெள்ளை எழுத்துகள் வர ஆரம்பித்தன. ஹீரோவின் பெயருக்கு முன்வரிசைப் பையன்கள் காகிதத்தைக் கிழித்து எறிந்தார்கள்.

டைட்டில் வடிவமைப்பு, கோ. வெண்பா.

பெண்கள் கை தட்டினார்கள். யாரோ ஒருத்தி விசில்கூட அடித்துப் பார்த்தாள். பானுமதி கை தட்டவில்லை. மகளின் பெயருக்கு முன்னால் நின்ற அந்த 'கோ' எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டைரக்டரின் பெயர். விரிசல் விழுந்தது, நகர்ந்தது, சுவரில் ஏறியது. வெண்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோவிந்தராசு திரை முழுக்க வந்து நின்றார். சட்டைப் பையில் பேனா. கழுத்தில் சந்தன மாலை. கீழே சிவப்பு பல்பு.

வெண்பா இந்த முகத்தை மற்ற எதையும்விடக் கூடுதல் நேரம் திரையில் நிற்கும்படி செய்திருந்தாள். பார்க்கிறவர்கள் மனசில் பதிய வேண்டும் என்று. அந்த நேரம் முழுவதையும் இப்போது அவளே உட்கார்ந்து அனுபவிக்க வேண்டியிருந்தது. கை தட்டிய பெண்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அடங்கிப்போனார்கள்.

பானுமதி தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். எழுந்து போகவில்லை, அழவில்லை. படம் முடிகிறவரை திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

வெளியே வந்ததும் தங்கம்மாள்தான் முதலில் பேசினாள். நல்ல மனசுக்காரி, ஆனால் அந்த நல்ல மனசைக் காட்டும் நேரம் அவளுக்குத் தெரியாது.

"எப்ப சேதி வந்துது பானு? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாங்க என்னா வேத்து ஆளுங்களா?"

பானுமதி ஆட்டோவில் ஏறினாள். மற்ற பெண்கள் அவள் நெற்றியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

*

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் பானுமதி கேட்டாள்.

"மாலைய யாரு போட்டது?"

வெண்பா ஒன்று விடாமல் சொன்னாள். வாசுகி, டைரக்டர், ஐதராபாத் எல்லாவற்றையும்.

"நான் தேடறதுக்குத்தாம்மா வச்சேன்."

"நல்லாத் தேடுன. ஊருக்கே என் தாலிய அறுத்துக் காட்டிட்ட."

"அவள ஏன் திட்டற?" என்றான் விருத்தகிரி. "எட்டு வருஷமா ஒரு போனு இல்ல, ஒரு சேதி இல்ல. இருந்தா வந்திருக்க மாட்டாரா? நீயே சொல்லு. பிரஸ்காரன் காலையிலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கான். நான் அவனுக்கு என்னா சொல்ல?"

"திருன்னு போடச் சொல்லு."

"கேக்கறவங்களுக்கு?"

"எங்கிட்ட அனுப்பு. கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டியிருக்கேன்டா. சாமி பதில் சொல்ற வரைக்கும் இந்த வூட்ல எவனும் மாலையப் பத்திப் பேசக் கூடாது."

விருத்தகிரி சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டான். அவனுக்கும் அழுகைதான் வந்தது. ஆம்பளை என்பதால் குத்தோடு நிறுத்திக்கொண்டான்.

அப்போதுதான் வெண்பாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"டைட்டிலு போட்ட வெண்பாங்களா? நான் ஆத்தூர்ப் பக்கத்துலேர்ந்து பேசறேனுங்க. எம் பேரு பாஞ்சாலை. படக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சி இந்த நம்பர வாங்குனேன். அந்தச் சுவத்துல ஒரு போட்டோ வருதுங்களே..."

வெண்பா ஸ்பீக்கரைப் போட்டாள். அம்மாவைக் கையைக் காட்டி அருகே அழைத்தாள்.

"சொல்லுங்கக்கா. அவர உங்களுக்குத் தெரியுமா? உசுரோட இருக்காரா?"

"இதென்னங்க கேள்வி? குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. அதக் கேக்கத்தான் போன் போட்டேன். உசுரோட இருக்கற மனுசனுக்கு எதுக்குங்க மாலை போட்டீங்க?"

பானுமதி இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள். "பழமலைநாதா" என்றாள். எட்டு வருஷத்துத் தவிப்பு அந்த ஒரு வார்த்தையில் இறங்கிப் போனது. விருத்தகிரி ஓடி வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். நம்பினால் நம்புங்கள், அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்தார்கள். கொஞ்ச நேரம்தான்.

பாஞ்சாலை பேசிக்கொண்டே போனாள்.

"எம் பொண்ணு செல்லுல பாத்துட்டு, அப்பா செத்துப் போயிட்டாரான்னு ஒரே அழுவைங்க. ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. அவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. பாத்துட்டு ஒரு வார்த்த பேசல. புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டாரு. எனக்கு மனசே சரியில்லீங்க. எங்க வூட்டுக்காரரு போட்டோ உங்களுக்கு எங்கிருந்துங்க கெடச்சுது?"

வெண்பா போனை அணைக்கப் போனாள். பானுமதி அதற்குள் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

"புள்ள பேரு என்னாம்மா?" என்று கேட்டாள். குரலில் பிசிறு இல்லை.

"முத்தாயிங்க. அவரோட அம்மா பேரு. அதத்தான் வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு."

முத்தாயி பானுமதியின் மாமியார். படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் அவளுக்கு மலமும் மூத்திரமும் அள்ளியது பானுமதிதான்.

"இங்க பாரும்மா. நான் டைட்டிலு போட்ட பொண்ணோட அம்மா பேசறேன். போட்டோவுல இருக்கறது எங்க வூட்டுக்காரரு. அவரு செத்துட்டாரு. மாலை நாங்கதான் போட்டோம். ஒலகத்துல ஒரே மாதிரி மூஞ்சி இருக்கறது இல்லியா? உங்க வூட்டுக்காரரு வேற. புள்ளகிட்ட அதச் சொல்லு. அழ வுடாத."

"அப்படிங்களாக்கா? பேனாகூட அதே மாதிரி..."

"வேற ஆளும்மா. வச்சிடறேன்."

போனை மகள் கையில் கொடுத்தாள். மகன் பக்கம் திரும்பினாள்.

"பிரஸ்காரனக் காத்துக்கிட்டு இருக்க வுடாத. தெய்வத்திருன்னு போடச் சொல்லு."

"அம்மா..."

"காலையிலேர்ந்து அதத்தான கேட்ட?"

அவள் கொல்லைப்பக்கம் போனாள். கட்டிய பட்டுச்சேலையோடு, வைத்த பூவோடு, தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினாள். சாவுச் சேதி கேட்டால் எப்படி ஊற்றுவார்களோ அப்படி. ஒரு சொம்பு, அடுத்த சொம்பு. வெண்பா பின்னாலேயே ஓடி, கிட்டே போகப் பயந்து கதவோடு நின்றுவிட்டாள். குங்குமம் மூக்கின் மேல் சிவப்பாக வழிந்தது. பானுமதி அதைத் துடைக்கவில்லை.

கூடத்தில் விருத்தகிரி நின்ற இடத்திலேயே நின்றான். அப்பா உயிரோடு இருக்கிறார். அவன் வேண்டிக் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, பத்திரிகை அடிக்கலாம், கல்யாணத்தை நடத்தலாம். பிரஸ்ஸுக்குப் போன் போட அவன் கை எழவில்லை.

வெண்பா கீழே வைத்துவிட்டுப் போன செல்போன் மறுபடியும் அடித்தது. அதே ஆத்தூர் நம்பர்.

அடித்து ஓயட்டும் என்று பார்த்தான். ஓயவில்லை. எடுத்தான்.

"ஹலோ."

அந்தப் பக்கம் பாஞ்சாலை இல்லை. தெருவில் எங்கேயோ நின்று பேசுகிறார்கள் போல, லாரி போகும் சத்தம். ஒரு ஆண் குரல், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல அடக்கமாக வந்தது.

"யாரு... விருத்தகிரியா?"

காலையில் இந்த மனுஷனைச் சாகடித்துப் பத்திரிகை அடிக்கத் துடித்தவன், கண்ணில்லாத பொம்மைகளுக்கு நடுவில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அப்பா!"

அடக்க நினைத்தும் சத்தமாகவே வந்துவிட்டது.

கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.